ஓரவெளிச்சம்

நவம்பர் 2

புது டார்ச் வந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்து மூடினால் இரண்டு முனையும் கொஞ்சம் வெளியே தெரியும். அவ்வளவுதான் நீளம். கறுப்பு அலுமினிய உடம்பு. பின்னால் பித்தான், பக்கத்தில் பையில் மாட்ட ஒரு கிளிப். தண்ணீரில் போடலாம், மாடியிலிருந்து போடலாம் என்று அட்டைப்பெட்டியில் படம் போட்டிருக்கிறார்கள். விலையை மனைவி ஜெசிந்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இதுக்கு ஒரு மிக்ஸி வாங்கியிருக்கலாம்."

"மிக்ஸிய பையில போட்டுக்கிட்டு காத்தாடி மேல ஏற முடியுமா?"

"டார்ச்ச வச்சு நாளைக்கு சட்னி அரைங்க, பாக்கேன்."

காற்றாலைப் பராமரிப்பு என் வேலை, எங்கள் பக்கம் அதைக் காத்தாடி என்போம். இந்த நாட்குறிப்பு டார்ச்சுக்காகத்தான். எங்கள் வாட்ஸப் குழுவில் டார்ச் பைத்தியங்கள் நாற்பது பேர் இருக்கிறோம். நடத்துகிறவர் ரியாஸ். கோயம்புத்தூரில் டார்ச் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். விலை கூடிய டார்ச்சுகளை மேசைமேல் வைத்துச் சோதிப்பது சோதனையே இல்லை, ஆளுக்கு ஒன்றைத் தினமும் பையில் போட்டுக்கொண்டு ஒரு வருடம் திரிய வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. கீழே விழுந்தால் உயரம், இடம், சேதம் மூன்றையும் எழுத வேண்டும். பையில் வேறு என்ன இருந்தது என்பதையும் எழுத வேண்டும். டார்ச்சின் உடம்பைத் தேய்ப்பவை சாவியும் சில்லறையும்தான்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுவர்ச் சோதனை. இருட்டும் நேரத்தில் டார்ச்சைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி ஸ்டூலில் வைத்து எரியவிட வேண்டும். நடுவில் பளீரென்று விழுவது நடுப்பொட்டு. அதைச் சுற்றி மங்கலாகப் பரவுவது ஓரவெளிச்சம். பார்வையை நடுப்பொட்டிலிருந்து எடுக்காமல், குச்சியில் கட்டிய சாக்பீஸை வெளிப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போய், அது எங்கே மறைகிறதோ அங்கே ஒரு புள்ளி வைக்க வேண்டும். சுற்றிலும் புள்ளி வைத்துச் சேர்த்தால் வட்டம். கண்ணை ஓடவிட்டால் இல்லாத வெளிச்சமும் தெரியும் என்பது ரியாஸின் கட்சி. டார்ச் அடிபட்டு உள்ளே இருக்கும் பிரதிபலிப்புக் கிண்ணம் அசைந்தால் முதலில் கெடுவது ஓரவெளிச்சம். நடுப்பொட்டு கடைசிவரை பளபளவென்றே இருக்கும்.

பின்வாசல் சுவரில் முதல் வட்டம் போட்டாயிற்று.

வலப்பை: டார்ச். இடப்பை: சாவி, கைக்குட்டை.

நவம்பர் 10

பேன்ட்டோடு சேர்த்து ஜெசிந்தா டார்ச்சையும் வாஷிங்மெஷினில் போட்டுவிட்டாள். முக்கால் மணி நேரம். எடுத்துத் துடைத்து அழுத்தினேன், எரிந்தது. குழுவில் எழுதியதும் பதினான்கு பேர் கைதட்டினார்கள். "எனக்கு யாரும் கைதட்டலியா?" என்று கேட்டாள்.

நவம்பர் 23

விழுந்த உயரம்: இடுப்பளவு. இடம்: காவல்கிணறு பெட்ரோல் பங்க், சிமென்ட் தரை. சேதம்: முன்வளையத்தில் கீறல்.

பைக்கில் பின்னால் இருந்த சுடலைமணிதான் குனிந்து எடுத்துத் தந்தான். "அண்ணாச்சி, இதுக்கு ஒரு இன்ஷூரன்ஸ் போட்டுருங்க. நான் விழுந்தாக்கூட இப்பிடி தடவிப் பாக்க மாட்டிய."

சுடலைமணி என் ஜோடி. பணகுடிக்கும் காவல்கிணறுக்கும் நடுவே எங்கள் கம்பெனி பராமரிக்கும் காற்றாலைகளில் ஆறு வருடமாகச் சேர்ந்து ஏறுகிறோம். தனியாக ஒருவன் ஏறக்கூடாது என்பது விதி. ஏறும் முன் என் பாதுகாப்புக் கொக்கியை அவன் இழுத்துப் பார்ப்பான், அவன் கொக்கியை நான் இழுத்துப் பார்ப்பேன். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். சின்னவளுக்கு இந்த வருடம்தான் பள்ளிக்கூடம்.

டிசம்பர் 4

ஒரு வாரமாகக் கண் உறுத்தல். சோள வயலில் அறுவடை முடிந்து ஒரே புழுதி. ஜங்ஷன் மருந்துக்கடையில் சொன்னேன். கடைக்காரர் சொட்டு மருந்து ஒன்று தந்தார். போட்ட ஒரு மணி நேரத்தில் சிவப்பு போய்விட்டது. இவ்வளவு நல்ல மருந்தை முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

வலப்பை: டார்ச். இடப்பை: சாவி, கைக்குட்டை, சொட்டு மருந்து.

ஜனவரி 2

இரண்டாம் வட்டம். நவம்பர் வட்டத்துக்குக் கொஞ்சம் உள்ளே விழுகிறது. பேட்டரி செல்லைக் கழற்றி முழுதாகச் சார்ஜ் ஏற்றி மறுபடி பார்த்தேன். அதேதான். பெட்ரோல் பங்க்கில் விழுந்தபோது கிண்ணம் அசைந்திருக்கும்.

காலையும் மாலையும் சொட்டு மருந்து. புழுதி குறையவில்லை.

ஜனவரி 19

கம்பெனி மருத்துவ முகாம். ஏறுகிற எல்லோருக்கும் வருடா வருடம் உண்டு. தேறாவிட்டால் ஸ்டோர் அறையில் உட்கார வேண்டியதுதான். ரத்த அழுத்தம், சர்க்கரை, பார்வை. எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படித்தேன், இரண்டு கண்ணாலும். "இருபது வயசுப் பையன் கண்ணு" என்றார் முகாமுக்கு வந்தவர். சுடலைமணி கடைசி வரியில் இரண்டு எழுத்தைத் தப்பாகச் சொன்னான். நாள் முழுக்கக் கேலி செய்தேன்.

பிப்ரவரி 6

போல்ட் சோதனை தொடங்கியது. வருடத்தில் முக்கியமான வேலை இதுதான். ஒவ்வொரு காற்றாலைக்கும் ஒரு எண், சில எண்கள் எங்களுக்கு, மற்றவை வேறு ஜோடிகளுக்கு.

காற்றாலைக் கோபுரம் ஒரே துண்டு இல்லை. மூன்று பெரிய இரும்புக் குழாய்கள். ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி, சேரும் இடத்தில் உட்புறம் சுற்றிலும் போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பக்கத்து இரும்புவரை ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு. போல்ட் அசையாதவரை கோடு நேராக இருக்கும். அசைந்தால் முறியும். டார்ச் அடித்துக்கொண்டே ஒரு சுற்று வந்து, முறிந்த கோடு இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே ஜன்னல் கிடையாது, விளக்கும் பாதி எரியாது. டார்ச்தான் எல்லாம்.

வைகாசி கடைசியில் காற்று பிடித்துவிட்டால் ஆவணிவரை விடாது. பக்கத்துப் பக்கத்துப் போல்ட்டுகள் இளகியிருந்தால் அந்தப் பாரமெல்லாம் மற்றவற்றுக்குப் போகும், கோபுரமே சாயலாம். அந்த நேரம் உள்ளே ஏணியில் ஆள் இருக்கலாம். பெரும்பாலும் அது நாங்கள்தான்.

பிப்ரவரி 20

பின்வாசல் கேட்டில் இடது தோள் இடித்துவிட்டது. போன வாரமும் அதே இடம். கேட்டைத் திறந்து பாதியில் விட்டுப் போவது ஜெசிந்தாவின் பழக்கம்.

"நான் எப்பவும் அப்பிடித்தான் விடுதேன். இருபது வருஷமா இடிக்காத கேட்டு இப்ப வந்து இடிக்கா?" என்றாள்.

கீல் தொய்ந்திருக்கும். எண்ணெய் போட வேண்டும்.

மார்ச் 1

மூன்றாம் வட்டம். நன்றாகவே சுருங்கிவிட்டது. இடப்பக்கம் மட்டும் ஒரு சாண் உள்ளே வந்திருக்கிறது. கோழிமுட்டையை அமுக்கியது போல இருக்கிறது வடிவம். ரியாஸுக்குப் போன் செய்தேன்.

"நடுப்பொட்டு எப்படி இருக்குதுங்கண்ணா?"

"அது பளிச்சுனு இருக்கு. ஓரம்தான் போயிட்டே இருக்கு."

"ஒரு பக்கமா கிண்ணம் சாஞ்சா நடுப்பொட்டும் சேர்ந்து சாயணுங்களே. அனுப்பி வைங்க, பிரிச்சுப் பார்த்துடறேன்."

கூரியரில் போட்டுவிட்டேன். இனி இரண்டு வாரம் பழைய டார்ச்சோடு வேலை. எரியவிட்டுப் பார்த்தேன், அதிலும் ஓரவெளிச்சம் போதவில்லை. மலிவு டார்ச் அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 14

டார்ச் திரும்பி வந்தது, ஒரு படத்தோடு. ரியாஸ் தன் கடைச் சுவரில் வட்டம் போட்டு எடுத்த படம். குறுக்களவு என் நவம்பர் வட்டத்தைவிடப் பெரிது. பின்னாலேயே போன் செய்தார். "பிரிச்சுப் பார்த்தேங்கண்ணா. கிண்ணம், லென்ஸ், எல்.இ.டி. சில்லு எல்லாம் புதுசு மாதிரி இருக்குது. ஒண்ணு செய்யுங்க. டார்ச்சை மாத்தாம, ஆளை மாத்திப் பாருங்க. வீட்ல வேற யாரையாவது குச்சியைப் பிடிக்கச் சொல்லுங்க."

அவர் கடைச் சுவர் வெள்ளைப் பெயிண்ட். என் சுவர் சிமென்ட் பூச்சு. வெள்ளைச் சுவரில் எல்லாம் பெரிதாகத்தான் தெரியும். அதைச் சொன்னேன். "அப்படியும் இருக்கலாங்கண்ணா" என்றார். போனை வைத்துவிட்டார்.

மார்ச் 27

ஒன்பதாம் எண் காற்றாலை முடிந்தது. அதற்கு முன் நாலாம் எண்ணில் நான் சுற்றி முடித்து "சரி" என்று சொன்ன பிறகு, பின்னால் வந்த சுடலைமணி ஒரு போல்ட்டில் கை வைத்தான்.

"அண்ணாச்சி, இது?"

கோடு முறிந்திருந்தது. மயிரிழை அளவுதான். முறுக்கிவிட்டுப் புதுக் கோடு போட்டோம்.

"வெளிச்சம் அந்தப் பக்கம் சரியா விழல" என்றேன்.

அவன் கீழே இறங்கிய பிறகு சொன்னான்: "இந்த டார்ச்சத் தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு வாங்குங்க. இல்லன்னா என் டார்ச்ச வச்சுக்கிடுங்க. நூறு ரூவா டார்ச்சுதான், ஆனா போல்ட்டு தெரியுது."

கோபம் வந்தது. அதன் பிறகு அவனிடம், பின்னால் வர வேண்டாம், மேலே போய் கிரீஸ் வேலையைப் பார் என்றேன். நேரம் மிச்சமாகிறது.

ஏப்ரல் 11

விழுந்த உயரம்: இரண்டாம் தளத்திலிருந்து ஏணியின் பாதிவரை, அங்கிருந்து முதல் தளம்.
இடம்: பதினேழாம் எண் காற்றாலை.
சேதம்: முன்வளையத்தில் ஒரு நசுங்கல். எரிகிறது.

சுடலைமணி ஆஸ்பத்திரியில்.

ஏப்ரல் 12

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஒவ்வொரு தளத்திலும் ஏணி வந்து சேரும் இடத்தில் ஆள் நுழைய ஒரு துளை உண்டு. அதற்கு இரும்பு மூடி. கடைசியாக ஏறுகிறவன் மூட வேண்டும். நான் முதலில் ஏறினேன். சுடலைமணி இன்னும் கீழே ஏணியில் இருந்தான். அதனால் மூடி திறந்திருந்தது. அதில் தவறில்லை.

போல்ட்டுகள்மேல் கிரீஸ் வழிந்திருந்தது. இரண்டு கையாலும் துடைக்க வேண்டும். டார்ச்சைப் பின்பக்கமாகத் தரையில் நிறுத்தினால் வெளிச்சம் மேலே அடித்துத் தளம் முழுக்கப் பரவும். ஆனால் பின்னால், டார்ச்சைக் கையோடு பிணைக்கும் பாதுகாப்புக் கயிறு கட்டியிருந்தால் நிற்காது. கயிற்றைக் கழற்றினேன். கழற்றக் கூடாது. எல்லோரும் கழற்றுகிறோம்.

முன்னால் இருந்த போல்ட்டைப் பார்த்தபடியே டார்ச்சை இடது பக்கம் தரையில் நிறுத்தினேன். அங்கே தரை இல்லை.

சத்தம் வரக் கொஞ்சம் நேரம் ஆனது. முதலில் டங்கென்று ஏணியில். அடுத்த சத்தம் அவன் குரல். கொக்கி மாட்டியிருந்ததால் கீழே விழவில்லை, கம்பியில் தொங்கினான். வலது தோள் எலும்பு முறிந்திருக்கிறது. ஹெல்மெட்டின் ஓரத்தில் ஒரு கோடு. இரண்டு விரல் தள்ளியிருந்தால் கழுத்து.

அவனை இறக்கும்போது முதல் தளத்தில் டார்ச் கிடந்தது. எரிந்துகொண்டே கிடந்தது. அந்த வெளிச்சத்தில்தான் அவன் கொக்கியைக் கழற்றினேன்.

ஏப்ரல் 13

சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. புது பாட்டில் வாங்கினேன்.

ஏப்ரல் 16

விசாரணை முடிந்தது. தளப் பொறியாளர் கோமதிநாயகம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: கயிற்றை யார் கழற்றியது? நான் என்றேன். எழுத்தில் எச்சரிக்கை. இனி பதினேழாம் எண்ணிலிருந்து புது ஜோடியோடு நான் தொடர வேண்டும். முடித்த எண்களில் என் கையெழுத்து செல்லும்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுடலைமணியின் மனைவி பூமாரி என்னைப் பார்த்ததும் வெளியே போய்விட்டாள். அவன் கை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தது.

"டார்ச்சு எப்பிடி இருக்கு அண்ணாச்சி? அதுக்கு ஒண்ணும் ஆகலியே?"

சிரிக்கத்தான் சொன்னான். நான் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திவிட்டான்.

"ஒண்ணு கேக்கேன். நான் ஏறி வந்துக்கிட்டே இருக்கேன். என் தலைக்கு மேல தொள தெரியுது. ஒங்க கை தெரியுது. மேசை மேல டம்ளர வைக்கிற மாதிரி, நிதானமா, தொளக்குள்ள வச்சிய. கை தவறல. வச்சிய. அவ்வளவு பெரிய தொள. அது எப்பிடி அண்ணாச்சி?"

"கவனிக்கல."

"ஆறு வருசமா நீங்க கவனிக்காம நான் பாத்ததில்ல" என்றான்.

ஏப்ரல் 19

பின்வாசல் கேட்டின் கீலுக்கு எண்ணெய் போட்டேன். கீல் தொய்யவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது.

இருட்டத் தொடங்கியதும் ஸ்டூலை எடுத்து வைத்தேன். இது சோதனை மாதம் இல்லை. ஜெசிந்தாவைக் கூப்பிட்டுக் குச்சியைக் கொடுத்தேன். நடுப்பொட்டை மட்டும் பார்க்க வேண்டும், சாக்பீஸ் மறையும் இடத்தில் புள்ளி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

இடது பக்கமாகத் தொடங்கினாள். மார்ச் வட்டத்தைத் தாண்டினாள். ஜனவரி வட்டத்தைத் தாண்டினாள். நவம்பர் வட்டத்தையும் தாண்டினாள்.

"நடுவப் பாரு" என்றேன்.

"நடுவத்தான் பாக்கேன்."

"கண்ண அலைய விடாத."

"நீங்களே வந்து பாருங்க, எங்கண்ணு அலையுதான்னு."

போய் அவள் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தேன். கண் அசையவில்லை. சாக்பீஸ் இன்னும் போய்க்கொண்டிருந்தது. நாலு பக்கமும் அப்படியே. கீழ்ப்பக்கம் துவைக்கிற கல்வரை வந்துவிட்டது.

"இது எங்க முடியுது? சுவரே தீரப் போவுது" என்று சிரித்தாள். பிறகு சுவரில் இருந்த மற்ற வட்டங்களைப் பார்த்தாள். "இதெல்லாம் யாரு போட்டது?"

"நான்தான்."

"எல்லாம் இதே டார்ச்சா?"

"ஆமா."

குச்சியை ஸ்டூல்மேல் வைத்தாள். டார்ச்சை அணைக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "காலைல நாகர்கோவில் போவோம்" என்றாள்.

ஏப்ரல் 20

கண் ஆஸ்பத்திரியில் ஒரு இயந்திரம். வெள்ளைக் கிண்ணம் ஒன்றுக்குள் முகத்தை வைக்க வேண்டும். நடுவில் ஒரு பொட்டு, அதிலிருந்து பார்வையை எடுக்கக் கூடாது. சுற்றிலும் அங்கங்கே சின்ன வெளிச்சப் புள்ளிகள் வந்து மறையும். தெரியும்போது கையிலிருக்கும் பித்தானை அழுத்த வேண்டும். ரியாஸின் சுவர்ச் சோதனையேதான். நடுநடுவே வெகுநேரம் ஒரு புள்ளியும் வரவில்லை. இயந்திரம் நின்றுவிட்டதா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "ஓடிட்டுதான் இருக்கு சார். நீங்க நடுவ பாருங்க" என்றாள்.

டாக்டரம்மா படத்தைக் காட்டினார். நடுவில் வெள்ளை. சுற்றிக் கறுப்பு. இடப்பக்கம் கறுப்பு ரொம்ப உள்ளே வந்திருக்கிறது. அந்த வடிவத்தை முன்பே பார்த்திருக்கிறேன். என் பின்வாசல் சுவரில்.

"ஜனவரில கடைசி வரி வரைக்கும் படிச்சேன் டாக்டர்."

"இன்னைக்கும் படிப்பீங்க. பலகைய படிக்கிறது நடுக்கண்ணு. ஓரம் முழுக்கப் போன பிறகும் அது படிக்கும்." பிறகு கேட்டார்: "கண்ணுக்கு ஏதாவது மருந்து போடறீங்களா?"

இடப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். பாட்டிலைத் திருப்பிப் படித்தார்.

"இது எத்தனை நாளா?"

தேதி சொன்னேன். அது எனக்கு நன்றாகத் தெரியும், எழுதி வைத்திருக்கிறேனே.

"இதுல ஸ்டீராய்டு இருக்கு. நாலு நாளுக்கு மேல டாக்டரக் கேக்காம போடக் கூடாது. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்ப அரிச்சிருக்கு. உங்களுக்குக் கொஞ்சம் ஏற்கெனவே இருந்திருக்கும். இது அத ஓட விட்டுடுச்சு."

"திரும்புமா?"

"போனது திரும்பாது. இருக்கறதக் காப்பாத்தலாம்."

ஜெசிந்தா பாட்டிலை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

நாலரை மாதம் டார்ச்சை ஒரு பையிலும் இதை மறு பையிலும் வைத்துத் திரிந்திருக்கிறேன். ஓரம் குறையக் குறைய வலப்பையைத்தான் சந்தேகப்பட்டேன்.

ஏப்ரல் 22

சுடலைமணி வீட்டுக்கு வந்துவிட்டான். போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டான். கண் எப்படி இருக்கிறது, வலிக்கிறதா என்று கேட்பான் என நினைத்தேன்.

"அப்ப நீங்க கையெழுத்துப் போட்ட காத்தாடி?"

பையிலிருந்த கோபுரச் சாவியைத் தொட்டுப் பார்த்தேன்.

"நாலாம் எண்ணுல நான் பின்னால வந்தேன், ஒண்ணு ஆப்டுச்சு. அதுக்கப்புறம் என்னய மேல அனுப்பிட்டிய. அது எல்லாம் யாரு பாத்தா?"

"நான் மறுபடி போய்ப் பாத்துருதேன். காத்து வர இன்னும் நாள் இருக்கு. யாருக்கும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா ஏற விட மாட்டாங்க."

"எத வச்சுப் பாப்பிய?" என்றான்.

டார்ச்சைத்தான் சொல்கிறான் என்று ஒரு நொடி நினைத்தேன்.

"அண்ணாச்சி, எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு. தோளு சேந்ததும் அதே ஏணிலதான் ஏறணும். நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன். ஆனா நீங்க சொல்லணும்."

பூமாரி காப்பி கொண்டுவந்து வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் வைத்தாள்.

ஏப்ரல் 23

காலை எட்டு மணிக்கு ஒன்பதாம் எண்ணின் அடியில் நின்றேன். தனியாக. சாவி என்னிடம் இருந்தது. காற்று இந்த வருடம் முந்திக்கொண்டுவிட்டது. இறக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றும் தலைக்கு மேலே வந்து போகும்போது துணியைக் கிழிப்பது போல் சத்தம்.

கதவைத் திறந்தேன். உள்ளே டார்ச் அடித்தேன். ஏணியின் நடுப்படி தெரிந்தது. அந்தப் படியில் இருந்த கிரீஸ் விரல்ரேகைகூடத் தெரிந்தது. அவ்வளவு தெளிவு. ஏணியின் இரண்டு பக்கக் கம்பியும் எங்கே என்று தலையைத் திருப்பித் தேட வேண்டியிருந்தது. இத்தனை மாதமும் இப்படித்தான் தலையைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். தெரியவில்லை.

தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் எல்லாப் போல்ட்டும் தெரியும் என்று தோன்றியது. மெதுவாகப் பார்த்தால் போதும். கொக்கியை எடுத்துப் பாதுகாப்புக் கம்பியில் மாட்டினேன். இழுத்துப் பார்க்க ஆளில்லை. நானே இழுத்துப் பார்த்தேன்.

முதல் படியில் கால் வைத்து எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கோபுரம் லேசாக முனகிக்கொண்டிருந்தது. காற்றில் எல்லாக் கோபுரமும் முனகும். ஆனால் இது நான் "சரி" என்று சொன்ன கோபுரம்.

இறங்கி வெளியே வந்து கோமதிநாயகத்துக்குப் போன் செய்தேன்.

"நான் பார்த்த மிஷின் எல்லாத்தையும் நிறுத்துங்க சார். யாரையும் உள்ள விடாதீங்க."

"என்னாச்சு?"

சொன்னேன்.

"ஞானதாஸ், சீசன் காத்து தொடங்கிருச்சு. பதினோரு மிஷின். மேலிடத்துல என்னன்னு சொல்ல?"

"எனக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லுங்க."

இந்தச் சொற்களை அதுவரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. காற்றாலைகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நிற்க இருபது நிமிடம் ஆனது. அதுவரை அங்கேயே நின்றேன்.

மே 5

ஸ்டோர் அறை. நட்டு, வாஷர், எண்ணெய் வடிகட்டி. நாற்காலி நன்றாக இருக்கிறது.

புதுச் சொட்டு மருந்து மூன்று வேளை. கண் அழுத்தம் இறங்கியிருக்கிறது.

மே 9

மறுசோதனை முடிந்தது. பத்துக் கோபுரங்களில் ஒன்றுமில்லை.

ஒன்பதாம் எண்ணில், மேல் இணைப்பில், ஏணியிலிருந்து இடப்பக்கம், அடுத்தடுத்து ஐந்து போல்ட்டுகளில் கோடு முறிந்திருந்தது. ஒன்றைக் கையாலேயே திருப்ப முடிந்ததாம். கோமதிநாயகம் அதைக் கழற்றிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். திட்டவில்லை. "ஸ்டோர் கணக்குல சேத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

பெரிய போல்ட். இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. மஞ்சள் கோடு தலையில் பாதி இருக்கிறது. மறுபாதி கோபுரத்தில் இருக்கும்.

ஜூன் 8

சுடலைமணி வந்திருந்தான். கட்டுப் பிரித்தாயிற்று. கை தோளுக்கு மேலே இன்னும் முழுதாக எழும்பவில்லை. அடுத்த வாரத்திலிருந்து கீழ்த்தள வேலை, ஆடி முடிந்ததும் ஏறலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஜெசிந்தா அவனைச் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார்த்தி வைத்தாள்.

டார்ச்சை அவன் முன்னால் வைத்தேன்.

"என்ன அண்ணாச்சி, அடிச்ச கம்ப அடிவாங்குனவன்ட்டயே குடுக்கிய?"

"வருசம் முடிய இன்னும் அஞ்சு மாசம் கெடக்கு. யாராவது பையில வச்சுத் திரியணும்."

"கயிறு?"

"கட்டியிருக்கேன். முடிச்சு அவுராது. பசை போட்டிருக்கேன்."

இழுத்துப் பார்த்தான். கொக்கியை இழுத்துப் பார்ப்பது போலவே, இரண்டு தடவை. பிறகு வலப்பையில் போட்டுக்கொண்டான். எடுத்து இடப்பையில் போட்டான். வலக்கை இன்னும் பைவரை சரியாகப் போகவில்லை.

"பையில வேற என்ன இருக்குன்னு எழுதணுமாம்லா" என்று மேசைமேல் கொட்டினான். இரண்டு சாவி. ஒரு பாக்குப் பொட்டலம். சின்னவளின் பாதி பென்சில்.

அவன் போன பிறகு ஏப்ரல் 11-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். சேதம் என்பதற்கு எதிரே எழுதியிருந்ததை அடித்தேன். ரியாஸுக்கு இப்படி அனுப்பியிருக்கிறேன்:

சேதம்: சுடலைமணி, வலது தோள் எலும்பு. ஒன்பதாம் எண்ணில் ஐந்து போல்ட்டுகள், யாரும் ஏறும் முன் மாற்றப்பட்டன. சுமந்தவர், இரண்டு கண்ணிலும் ஓரம்.

டார்ச்சில் பழுதில்லை.